பெட்டியின் மேல் ஒரு வரி: மடிக்கணினி தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மடிக்கணினி நிறுவனங்களில், எந்த மாடலுக்குள் எந்தச் சிப் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம்.

இந்த மடல் உங்கள் விற்பனைப் பிரிவுக்கோ வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கோ எழுதப்பட்டதன்று. அவர்கள் இருவரிடமும் ஏற்கெனவே பேசிவிட்டேன். இருவருமே மரியாதையாகப் பேசினார்கள். என் கேள்விக்குத் தங்களிடம் விடை இல்லை என்பதையும் மறைக்கவில்லை. கேள்வி மிகச் சிறியது. நான் வாங்கப்போகும் கணினியில் இருக்கும் வைஃபை சிப் எது என்பதைப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? இதற்கு விடை சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால் அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பல ஆண்டுகளாக லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில்தான் என் வேலை முழுவதும் நடக்கிறது. எனவே நீங்கள் விற்கும் கணினியோடு வரும் இயங்குதளம் எனக்குத் தேவைப்படுவதில்லை. அதை நீக்கிவிட்டு வேறொன்றை நிறுவுவது என் விருப்பம், அதனால் வரும் தொல்லையும் என்னுடையதே என்பதை நான் அறிவேன். லினக்ஸுக்குத் தொலைபேசி உதவி தாருங்கள் என்றோ, எனக்காக ஒரு தனி மாடல் செய்யுங்கள் என்றோ நான் கேட்கவில்லை. நான் கேட்பவை அதைவிட மிகக் குறைவானவை.

கணினி கைக்கு வந்த அன்று மாலை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கினேன். திரை எழுந்தது, விசைப்பலகை வேலை செய்தது, டச்பேடில் இரண்டு விரல்களை வைத்து இழுத்தால் பக்கம் நகர்ந்தது. மேல் மூலையில் வைஃபை அடையாளம் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. முனையத்தைத் திறந்து, கணினிக்குள் இருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை இட்டேன். கிராஃபிக்ஸ், ஒலி, சேமிப்பகம் என்று ஒவ்வொரு சாதனத்தின் கீழும், இயங்குதளத்தின் கருவான கெர்னலில் உள்ள எந்த டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் நிரல், அதை ஓட்டுகிறது என்று ஒரு வரி வந்தது. வைஃபை கார்டின் கீழே அந்த வரி இல்லை. கார்டு இருக்கிறது, அதன் எண்ணும் தெரிகிறது, ஆனால் அதனோடு பேசத் தெரிந்த ஆள் கெர்னலில் இல்லை. டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்தைப் பிடிக்க டிரைவர் வேண்டும். கடைசியில் கைபேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியில் மாட்டி, அதன் இணையத்தை இரவல் வாங்கி, முகம் தெரியாத ஒரு தன்னார்வலர் எழுதிவைத்திருந்த மூலநிரலை இறக்கி, என் கணினிக்கென்று தொகுத்து முடித்தபோது மணி ஒன்றரை. மூன்று வாரம் கழித்துக் கெர்னல் புதுப்பிக்கப்பட்டபோது அந்த வைஃபை மீண்டும் காணாமல் போனது.

விசாரிக்காமல் வாங்கிவிட்டு இப்போது புலம்புகிறான் என்று நீங்கள் நினைக்கக்கூடும். என் அலுவலகத் தோழி ஒருவர் இதே மாடலை ஆறு மாதங்களுக்கு முன் வாங்கி, அதில் லினக்ஸை நிறுவி, ஒரு தொல்லையும் இல்லாமல் பயன்படுத்திவருகிறார். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் வாங்கினேன். இரண்டு கணினிகளையும் ஒரே மேசையில் அருகருகே வைத்து அதே கட்டளையை ஓட்டிப் பார்த்தோம். அவருடைய வைஃபை கார்டின் எண் 8086 என்று தொடங்கியது. அது இன்டெலின் அடையாள எண். 1978-இல் தாங்கள் வெளியிட்ட சிப்பின் பெயரையே அடையாள எண்ணாகவும் வைத்துக்கொண்ட அவர்களுடைய குறும்பு எனக்குப் பிடிக்கும். என்னுடையதில் இருந்தது வேறொரு நிறுவனத்தின் எண். இரண்டு கணினிகளின் அடியிலும் ஒட்டியிருந்த மாடல் பெயரோ ஓர் எழுத்துகூட மாறாமல் ஒன்றேதான்.

ஒரு சிப் கிடைக்காவிட்டால் இன்னொன்றைப் போட்டுத்தான் கணினியை அனுப்ப முடியும் என்பது எனக்குப் புரிகிறது. ஒரே சிப்பையே போட வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. மாற்றினால் மாற்றியதைச் சொல்லுங்கள் என்கிறேன். உங்கள் விவரப் பக்கத்தில் ‘வைஃபை 6 வசதி உண்டு’ என்று மட்டும் இருக்கிறது. அரிசி மூட்டையின் மேல் ‘தானியம்’ என்று எழுதி விற்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வைஃபை, ஒலி, கேமரா, விரல்ரேகை உணரி ஆகிய நான்கு உறுப்புகளின் சிப் பெயரையும் அடையாள எண்ணையும் பெட்டியின் மேல், வரிசை எண் அச்சிடும் அந்தச் சிறிய வெள்ளை ஒட்டுத்தாளில், ஒரே வரியில் அச்சிடலாம். எந்த உறுப்பை எந்தக் கணினியில் பொருத்தினீர்கள் என்ற பதிவு உங்கள் தொழிற்சாலையில் கட்டாயம் இருக்கும். இல்லாவிட்டால் பழுது பார்ப்பவர்களுக்கு மாற்று உறுப்பை எப்படி அனுப்புவீர்கள்? இருக்கும் தகவலை அச்சிடுவது மட்டுமே பாக்கி. இந்த மடலில் நான் வேறு எதையும் கேட்காமல் இதை மட்டும் கேட்டிருந்தாலும் எனக்கு மனநிறைவுதான்.

இனி டிரைவர்களைப் பற்றி. லினக்ஸுக்கு டிரைவர் எழுதுவது செலவு, அதற்கேற்ற விற்பனை இல்லை என்ற உங்கள் வாதத்தைப் பல இடங்களில் படித்திருக்கிறேன். அந்த வாதத்துக்கு 2007 ஜனவரியிலேயே ஒரு பதில் சொல்லப்பட்டுவிட்டது. கெர்னல் உருவாக்குநர் கிரெக் குரோவா-ஹார்ட்மன், வன்பொருள் நிறுவனங்கள் அனைத்துக்கும் ஒரு பொது அறிவிப்பு விடுத்தார்: சாதனத்தின் தொழில்நுட்ப விவரங்களையும், சந்தேகம் கேட்டால் மின்னஞ்சலில் பதில் சொல்ல ஒரு பொறியாளரையும் தாருங்கள், டிரைவரை நாங்களே இலவசமாக எழுதித் தருகிறோம், வேண்டுமானால் இரகசியக் காப்பு ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுகிறோம் என்றார். பணம் கேட்காமல், ஆவணமும் பதிலும் மட்டும் கேட்ட அந்த அறிவிப்புக்குப் பிறகும் ‘செலவு’ என்று சொல்பவர்கள், எந்தச் செலவைச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு டிரைவர் கெர்னலின் மூலநிரலுக்குள் சேர்ந்துவிட்டால் அதற்குப் பிறகு நடப்பதைக் கவனித்தால், உங்கள் கணக்குப் பிரிவுக்கே அது பிடித்துப்போகும். ஏறத்தாழ ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வெளியாகிறது. கெர்னலின் உள்ளமைப்பில் ஒரு நிரல்கூற்றை ஒருவர் மாற்றினால், அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களையும் அவரே திருத்த வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். அதாவது, உங்கள் டிரைவரைப் பிறர் பராமரிப்பார்கள். வெளியே தனியாக ஒரு சுருக்கக் கோப்பில் கிடக்கும் டிரைவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. என் வைஃபை மூன்றாவது வாரத்தில் காணாமல் போனதன் காரணமும் இதுவே.

இந்தப் பாதையில் பிறர் மெல்ல மெல்ல வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப்புகளுக்கு, விண்டோஸ் டிரைவரிலிருந்து, சிப்புக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரைத் தனியே வெட்டி எடுக்கும் ஒரு கருவியைப் பயன்படுத்த வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்நிறுவனமே 2010-இல் திறமூல டிரைவர் ஒன்றை வெளியிட்டது. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த கலந்துரையாடலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கிராஃபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியாவைப் பார்த்து நடுவிரலைக் காட்டியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து, 2022 மே மாதத்தில், அந்நிறுவனம் தன் கெர்னல் டிரைவர் பகுதிகளின் மூலநிரலைத் திறந்து வெளியிட்டது. கிராஃபிக்ஸ் டிரைவரின் மற்ற பெரும்பகுதி இன்னும் மூடியே இருக்கிறது என்றாலும், அசையவே அசையாது என்று நாங்கள் கைவிட்டிருந்த ஒன்று அசைந்தது. (அந்த விரலை நான் பரிந்துரைக்கவில்லை, நான் மடலோடு நிறுத்திக்கொள்பவன்.)

வைஃபையைவிட என்னை வருத்தும் இன்னொன்று உறக்கநிலை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை மூடியை மூடி, கணினியைப் பைக்குள் வைத்து, இரண்டு மணி நேரம் பயணம் செய்தேன். இறங்கும்போது முதுகில் பட்ட இடத்தில் பை கதகதவென்றிருந்தது. வெளியே எடுத்தால், சுடச்சுட இருந்த அந்தக் கணினியின் விசிறி பைக்குள் மூச்சுவிட வழியில்லாமல் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. தொண்ணூறு விழுக்காட்டோடு புறப்பட்ட பேட்டரியில் பதினொன்று எஞ்சியிருந்தது. முன்பெல்லாம் எஸ்3 என்னும் உறக்கநிலையில், நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் கொடுத்துவிட்டு மற்ற அனைத்தையும் கணினியின் ஃபர்ம்வேரே அணைத்துவிடும். இப்போதைய ‘நவீன காத்திருப்பு’ முறையில் கணினி உண்மையில் அணைவதே இல்லை. ஒவ்வொரு சாதனமும் தானாகவே மிகக் குறைந்த மின்நிலைக்கு இறங்கினால்தான் மொத்தமும் உறங்கும். ஒரே ஒரு சாதனம் விழித்திருந்தால் போதும், செயலியும் அதனோடு சேர்ந்து விழித்திருக்கும். எது விழித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது கூட்டுக் குடும்பத்தில் நடு இரவில் விளக்கைப் போட்டது யார் என்று விசாரிப்பது போன்றது.

லினக்ஸில் இதைச் சரிபார்க்க மெம் ஸ்லீப் என்ற ஒரு சிறு கோப்பைத் திறந்து பார்க்கலாம். ‘டீப்’ என்ற சொல் அதில் இருந்தால் எஸ்3 கிடைக்கிறது என்று பொருள். என் கணினியில் அந்தச் சொல் இல்லை. நவீன காத்திருப்பைக் குறிக்கும் ‘எஸ்டுஐடில்’ மட்டும் தனியாக நிற்கிறது. கணினியைத் தொடக்கிவைக்கும் ஃபர்ம்வேரான பயாஸிலும் அதை மாற்றும் தெரிவு இல்லை. சில நிறுவனங்கள் தங்கள் சில மாடல்களின் பயாஸில் ‘விண்டோஸ்’, ‘லினக்ஸ்’ என்று இரண்டு உறக்கநிலைத் தெரிவுகளைக் கொடுத்திருந்தன. வன்பொருள் எஸ்3-ஐத் தாங்கும் இடங்களிலாவது அந்தத் தெரிவை மூடிவிடாதீர்கள். பையில் சூடாகும் கணினி லினக்ஸ் பயனர்களுக்கு மட்டுமே உரிய துன்பமும் அன்று. விண்டோஸோடு வந்த கணினியை அப்படியே வைத்திருக்கும் என் உறவினர்கள் இருவர், இதே காரணத்தால் ஒவ்வொரு முறையும் முழுவதும் அணைத்துவிட்டுத்தான் புறப்படுகிறார்கள்.

இதன் அடியில் இன்னொரு கதை இருக்கிறது. அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். கணினியின் ஃபர்ம்வேருக்கும் இயங்குதளத்துக்கும் இடையே பாலமாக ஏசிபிஐ அட்டவணைகள் இருக்கின்றன. பேட்டரி எவ்வளவு, மூடி திறந்திருக்கிறதா, விசிறி எப்போது சுழல வேண்டும் என்பவை எல்லாம் அதன் வழியாகத்தான் தெரியவரும். அந்த அட்டவணைக்குள் உங்கள் பொறியாளர்கள், ‘நீ எந்த இயங்குதளம்?’ என்று கேட்டு, வரும் பதிலுக்கு ஏற்றபடி நடந்துகொள்ளும் நிரலை எழுதிவைக்கிறார்கள். ‘லினக்ஸ்’ என்று உண்மையைச் சொன்னால், யாரும் சோதித்துப் பார்க்காத பாதை ஒன்றுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ள நேர்கிறது. எனவே 2007-இலிருந்தே லினக்ஸ் கெர்னல், ‘நீ லினக்ஸா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றும், ‘நீ விண்டோஸா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றும் பதில் சொல்லிவருகிறது. தன் பெயரை மறைத்தால்தான் வீட்டுக்குள் விடுவார்கள் என்ற நிலையில் ஒரு மென்பொருள் இத்தனை ஆண்டுகள் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது என்றால், வாசலில் அந்தக் கேள்வியை வைத்தவர்கள்தான் அதைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும்.

கேமராவில் நடந்தது பின்னோக்கிய பயணம். யூஎஸ்பி வீடியோவுக்கென்று ஒரு பொதுத் தரம் வந்த பிறகு, மடிக்கணினியின் கேமரா என்பது நாங்கள் கவலைப்படவே தேவையில்லாத பொருளாக இருந்தது; ஒரே டிரைவர் எல்லாவற்றையும் ஓட்டியது. அதன்பின் மெல்லிய மாடல்களில் கைபேசி பாணிக் கேமராக்களைச் செயலியோடு நேரடியாக இணைக்கத் தொடங்கினார்கள். படத்தைச் சீராக்கும் வேலை முழுவதும் மென்பொருளின் தலையில் விழுந்தது. இன்டெல் செயலிகளில் இத்தகைய கேமராக்களைக் கையாளும் ஐபியு6 என்ற பகுதிக்கான அடிப்படை டிரைவர் 2024-இல் வந்த 6.10 கெர்னலில்தான் இடம்பெற்றது. அதுவரை அந்தக் கணினிகளை வாங்கியவர்களில் பலர் திரையின் மேல் தனியாக ஒரு யூஎஸ்பி கேமராவை மாட்டிக்கொண்டு கூட்டங்களில் கலந்துகொண்டார்கள். இதற்கு நேர்மாறாக, ஒரு காலத்தில் எங்களைப் பாடாய்ப் படுத்திய அச்சுப்பொறிகள் இன்று தொல்லை தருவதில்லை. டிரைவரே தேவைப்படாத பொது அச்சிடல் தரத்தை அந்தத் துறை ஏற்றுக்கொண்டதுதான் காரணம்; கைபேசியிலிருந்து அச்சிட மக்கள் விரும்பியதால் அது நடந்தது, எங்களுக்காக அன்று. ஆனாலும் பலன் எங்களுக்கும் வந்தது. விரல்ரேகை உணரியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. என் கணினியில் அது ஒரு பளபளப்பான அலங்காரப் பொத்தானாக இருக்கிறது.

பயாஸைப் பற்றி இரண்டு செய்திகள். முதலாவது, பூட்டுகள். 2016-இல் லெனோவோவின் யோகா வரிசைக் கணினி ஒன்றில் சேமிப்பகம் ரெய்டு (பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும்) முறையில் மட்டுமே இயங்கும்படி பூட்டப்பட்டிருந்ததால், லினக்ஸ் நிறுவிக்கு உள்ளே இருந்த வட்டு கண்ணுக்கே தெரியவில்லை. பயனர்கள் குரல் எழுப்பிய பிறகு, முறையை மாற்ற இடம் தரும் பயாஸ் வெளியிடப்பட்டது. ஒரு தெரிவைத் திரையில் காட்டினால் தீர்ந்துவிடும் சிக்கல் அது. நம்பகமான கையெழுத்து இல்லாத நிரலோடு கணினி தொடங்குவதைத் தடுக்கும் ‘செக்யூர் பூட்’ என்ற காப்பும் அப்படித்தான். லினக்ஸின் தொடக்க நிரலில் மைக்ரோசாப்ட் கையெழுத்திட்டுத் தரும் ஏற்பாட்டால்தான் உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்களில் பெரும்பாலானவை அந்தக் காப்பைக் கடந்து தொடங்குகின்றன. அந்தக் கையெழுத்துக்கான 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழின் காலாவதித் தேதி 2026 ஜூன். அதன் இடத்துக்கு வரும் 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ் பழைய கணினிகளுக்குள் சேர உங்கள் ஒத்துழைப்பு வேண்டும். புதிய மாடலை விற்கும் மும்முரத்தில், நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் விற்றவற்றை மறந்துவிடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத நல்ல கணினிகள் பல லினக்ஸை நோக்கி வருகின்றன.

இரண்டாவது, புதுப்பிப்பு. உங்கள் தளத்தில் என் மாடலுக்கான பயாஸ் புதுப்பிப்பு, விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒரு நிரலாக இருக்கிறது. பாதுகாப்புக் குறை ஒன்றைச் சரிசெய்யும் அந்தப் புதுப்பிப்பைப் போடுவதற்காக, நான் நீக்கிய இயங்குதளத்தை ஒரு பழைய வட்டில் மீண்டும் நிறுவி, வேலை முடிந்ததும் கழற்றிப் போட்டேன். ரிச்சர்ட் ஹியூஸ் தொடங்கிய எல்விஎஃப்எஸ் என்ற பொதுச் சேவையில் நிறுவனங்கள் தங்கள் ஃபர்ம்வேரை ஏற்றலாம். ஏற்றினால், லினக்ஸ் பயனர் பிற மென்பொருள்களைப் புதுப்பிப்பதுபோலவே பயாஸையும் இரண்டு சொடுக்கில் புதுப்பித்துக்கொள்வார். டெல், லெனோவோ போன்றவை தங்கள் மாடல்கள் பலவற்றுக்கு இதைச் செய்துவருகின்றன. உங்களிடம் ஏற்கெனவே தயாராக இருக்கும் அதே ஃபர்ம்வேரை இன்னோர் உறையில் போட்டு அனுப்பும் வேலைதான் இது.

எங்கள் பக்கத்துத் தவறுகளையும் சொல்லாவிட்டால் இந்த மடல் நேர்மையானதாக இராது. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10-இன் நிறுவல் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. அதிலிருந்த ஒரு கெர்னல் டிரைவர், சில மடிக்கணினிகளின் பயாஸில் எந்த அமைப்பையும் சேமிக்க முடியாதபடி செய்துவிட்டது. அது உங்கள் பிழையன்று. டெபியன் வழங்கல், கட்டற்றதல்லாத (மூலநிரல் திறக்கப்படாத) ஃபர்ம்வேரைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் நெடுங்காலம் சேர்க்காமல் இருந்ததால், நல்ல டிரைவர் உள்ள வைஃபை கார்டுகளும் நிறுவும்போது ஊமையாக நின்றன. 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில்தான் அதை மாற்றினார்கள். கொள்கையில் எனக்கு அவர்கள்மேல் மதிப்பு உண்டு. ஆனால் கொள்கையால் வைஃபை பிடிக்காது என்பதை நள்ளிரவில் உணர்ந்தவர்களில் நானும் ஒருவன்.

என் கணினியின் வைஃபை கார்டைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம் என்று அடிப்பலகையைத் திறந்தேன். சிப்பைத் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கிறீர்கள். எனவே, சுண்டுவிரல் நகமளவு உள்ள ஒரு யூஎஸ்பி வைஃபை துண்டை இடப்பக்கத் துளையில் மாட்டி வேலை செய்துவருகிறேன். இந்த மடலும் அதன் வழியாகத்தான் உங்களுக்கு வருகிறது. இந்த மாடலின் பயாஸில் உறக்கநிலைத் தெரிவையோ எல்விஎஃப்எஸ் வழியான புதுப்பிப்பையோ சோதித்துப் பார்க்க உங்கள் பொறியாளர்களுக்கு ஒரு கணினி வேண்டுமென்றால், என்னுடையதில் சோதித்து, பிழை அறிக்கையை முறையாக எழுதி அனுப்ப நான் அணியமாக இருக்கிறேன். அடுத்த ஆண்டு எங்கள் அலுவலகத்துக்குப் பன்னிரண்டு மடிக்கணினிகள் வாங்க வேண்டும்; எதை வாங்குவது என்று என்னிடம்தான் கேட்டிருக்கிறார்கள். அப்போதும் பெட்டியின் மேலுள்ள அந்த வெள்ளை ஒட்டுத்தாளைத்தான் முதலில் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்